ஈரம் காயாத பிரஷ்

பிற்பகல் மூன்று நாற்பது. பிரஷ் ஈரமாக இருந்தது.

அவள் கட்டைவிரலால் நார்களை நீவிப் பார்த்தாள். விரல் நனைந்தது. காலை எட்டரைக்கு வேலையிலிருந்து வந்து, பல் துலக்கி, பிரஷை இரண்டு முறை உதறி, கண்ணாடிக்குக் கீழே இருக்கும் டம்ளரில் நிறுத்திவிட்டுப் படுத்தவள். ஏழு மணி நேரம் ஆகிறது. கொடியில் போட்ட போர்வையே இரண்டு மணி நேரத்தில் காய்ந்து விறைத்துப்போகிற வெயில். யாரும் தொடாமல் ஒரு பிரஷ் ஈரமாக இருக்க வழியில்லை.

பகலில் வீட்டில் இருக்கிற இன்னொரு ஆள் ஒருவன்தான். அவள் கணவனின் தம்பி. வேலை தேடுகிறேன் என்று இரண்டு வாரம் தங்க வந்தவன். நான்கு மாதம் ஆகிறது. அவளுடைய சீப்பில் அவன் முடி இருந்தது. அவளுடைய துண்டில் அவன் வியர்வை இருந்தது. அதையெல்லாம் அவள் சொல்லிக்காட்டியதில்லை. இது வேறு. இந்தக் குளியலறை படுக்கையறைக்குள் இருக்கிறது. அவன் உள்ளே வந்திருந்தால், அவள் தூங்கிக்கொண்டிருந்த கட்டிலைத் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும்.

காதுமடல் சூடானது. பிரஷைக் கையில் பிடித்தபடியே கூடத்துக்குப் போனாள்.

அவன் சோபாவில் கால் நீட்டிப் படுத்திருந்தான்.

"இதை எடுத்தியா?"

"என்ன அண்ணி அது?"

"கண்ணு தெரியலையா? என் பிரஷ்."

அவன் எழுந்து உட்கார்ந்தான். சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

"என் பிரஷையே நான் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தொடறேன். உங்களுதை எடுத்து நான் என்ன பண்ணப் போறேன்?"

"ஈரமா இருக்கு."

"பிரஷ்னா ஈரமாத்தானே இருக்கும்?"

அவள் திரும்பிப் போனாள். அந்த பிரஷைக் குப்பையில் போட்டாள். கடைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கி வந்தாள். அதே வகை. மென்மையான நார். பல் டாக்டர் சொன்ன வகை.

ஈறு வீங்க ஆரம்பித்து ஆறு மாதம் இருக்கும். முதலில் துப்பும்போது ஒரு சிவப்புக் கோடு. பிறகு தலையணையில் காசளவு கறை. பிறகு கீழ்வரிசை முன்பற்களின் அடியில் ஈறு உப்பி, நாவற்பழத் தோல் மாதிரி கறுத்துப் பளபளத்து, நாக்கு பட்டாலே உயிர் போகிற வலி. நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டவளுக்கு ஒருநாள் ரொட்டித்துண்டைக் கடித்தபோது ஒரு பல் ஆடியது. அன்றுதான் டாக்டரிடம் போனாள்.

டாக்டர் அவள் வயது பெண். பூசி மெழுகிப் பேசத் தெரியாதவள்.

"ஈறு பல்லை விட்டு விலகிடுச்சு. நடுவுல அழுக்கு தங்குது. கிளீன் பண்ணி விடறேன், ஆனா பாதி வேலை உங்க கையிலதான். காலையும் ராத்திரியும் ரெண்டு நிமிஷம். பிரஷை ஈறு பக்கம் சாய்ச்சுப் பிடிங்க. அழுத்தாதீங்க. பல்லிடுக்குல நூல் விடுங்க. உப்புத் தண்ணில கொப்பளிங்க. ஆறு வாரம் பார்க்கலாம். இறங்கலேன்னா கீழ நாலு பல்லையும் எடுத்துடணும்."

நான்கு முன்பற்கள். அவள் வேலை பேசுகிற வேலை. ஆம்புலன்ஸுக்கு வரும் அழைப்புகளை எடுப்பவள் அவள். பேச்சில் காற்றுப் போனால் மறுமுனையில் பதறிக்கொண்டிருப்பவனுக்கு ஒரு சொல் புரியாமல் போகும், ஒரு தெருப்பெயர் மாறும். போன வருடம் பக்கவாதம் வந்து வாய் கோணிய ஒருவரை அடுத்த நாளே கோப்பு அடுக்குகிற அறைக்கு மாற்றிவிட்டார்கள். அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

அதனால் அவள் டாக்டர் சொன்னதில் ஓர் எழுத்து பிசகாமல் செய்தாள். காலை எட்டரைக்குப் படுக்கும் முன் ஒரு முறை, மாலை எட்டுக்குக் கிளம்பும் முன் ஒரு முறை.

புதிய பிரஷ் மறுநாள் மூன்று நாற்பதுக்கும் ஈரமாக இருந்தது. அதற்கு மறுநாளும். நார்களின் அடியில் வெள்ளையாக நுரை தங்கியிருந்தது. நுரைக்குள் இளஞ்சிவப்பாக ஒரு இழை.

அன்று மாலை கணவன் வீடு திரும்பும்வரை அவள் காத்திருந்தாள். அவன் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். நாள் முழுக்க அடுத்தவன் தப்புக்கு பிரேக் போட்டுவிட்டு வருகிறவன் வீட்டில் எதற்கும் பிரேக் போடமாட்டான்.

"உங்க தம்பி நான் தூங்குற ரூமுக்குள்ள வர்றான்."

"என்ன பேசற நீ?"

"என் பிரஷ்ல பல்லு விளக்கறான். அதுக்கு வர்றானா, இல்ல வேற எதுக்கு வர்றான்னு அவன்தான் சொல்லணும்."

தம்பி கூடத்தில்தான் இருந்தான். அவன் காதில் விழவேண்டும் என்றே அவள் பேசினாள். கணவன் கையைக் காட்டி மெல்லப் பேசு என்றான். மெல்லப் பேசு என்றதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டது. ராத்திரி முழுக்க மெல்லத்தான் பேசுகிறாள். பொறுமையாக, ஒரே சுருதியில், திட்டுகிறவனிடமும் அழுகிறவளிடமும் குடித்துவிட்டு விளையாடுகிறவனிடமும். வீட்டுக்கு வந்தும் மெல்லவா. நான்கு மாதத்தை அவள் ஒரே மூச்சில் கொட்டினாள். சீப்பு, துண்டு, கழுவாத தட்டு, பகலெல்லாம் கத்துகிற டிவி. தம்பி வாசலில் நின்று கேட்டான். எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. கடைசியில் ஒன்றுதான் சொன்னான்.

"மத்ததெல்லாம் நிஜம் அண்ணி. ஆனா அந்த ரூமுக்குள்ள நான் காலடி வெச்சதில்ல."

விடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கணவன் இரண்டு நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளும் போய்ச் சமாதானம் சொல்லவில்லை.

தம்பி போன அன்று காலை வீடு அமைதியாக இருந்தது. டிவி இல்லை, செருப்புச் சத்தம் இல்லை. ஆசைப்பட்ட அமைதி. கணவன் வாசலைப் பூட்டிக்கொண்டு போன பிறகு அவள் பல் துலக்கினாள். நூல் விட்டாள். கொப்பளித்தாள். பிரஷைத் துண்டால் ஒற்றி, நாரின் நுனி காயும்வரை மின்விசிறிக்கு நேரே பிடித்துவிட்டு டம்ளரில் வைத்தாள். படுக்கையறைக் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு படுத்தாள்.

எழுந்தபோது தாழ் போட்டபடியே இருந்தது. திரைச்சீலையின் இடுக்கு வழியாக வெயில் ஒரு பட்டையாகக் கட்டிலின் கால்மாட்டில் கிடந்தது. வாயில் புதினாக் காரம் இருந்தது. அப்போதுதான் துலக்கிய வாய்போலக் குளிர்ந்து, நாக்கின் ஓரம் லேசாக எரிய. காலையில் துலக்கியது இன்னும் போகவில்லை என்று நினைத்துக்கொண்டே எழுந்து குளியலறைக்குப் போனாள்.

பிரஷிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

கைகழுவும் தொட்டியின் வெள்ளைப் பரப்பில் நுரைக்குமிழ்கள் இன்னும் உடையாமல் இருந்தன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று உடைந்தது.

அவளுக்குப் பயம் வரவில்லை, முதலில். கோபம்தான் வந்தது. தம்பியின் மேல், ஏனென்றால் அவன் இல்லை. இனி யாரைச் சொல்வது.

மூன்றாவது வாரம் டாக்டரிடம் போனாள். டாக்டர் ஒரு சிவப்பு மாத்திரையைக் கொடுத்து மென்று துப்பச் சொன்னாள். பிரஷ் படாத இடமெல்லாம் சிவப்புச் சாயம் ஒட்டிக்கொள்ளுமாம். பிறகு விளக்கை இழுத்துக் கிட்டத்தில் வைத்து, குட்டிக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"பரவாயில்லையே. வீக்கம் பாதிக்கு மேல இறங்கிடுச்சு. பல்லு ஆட்டமும் குறைஞ்சிருக்கு."

அவள் வாயைத் திறந்தபடியே கண்ணால் சிரித்தாள்.

"நீங்க எந்தக் கைல தேய்க்கிறீங்க?"

டாக்டர் கருவியை வெளியே எடுத்த பிறகு அவள் வலதுகையைத் தூக்கிக் காட்டினாள்.

"எப்பவுமேவா?"

"எப்பவும்தான். ஏன்?"

"வலக்கைக்காரங்களுக்கு இந்த வலது மூலை எப்பவும் விட்டுப்போகும். மணிக்கட்டு மடங்காது. இடக்கைக்காரங்களுக்கு அந்தப் பக்கம் விட்டுப்போகும். இருபது வருஷமா பாக்கறேன், சாயம் போட்டா யாரு எந்தக் கைன்னு சொல்லிடுவேன். உங்களுக்கு ரெண்டு மூலையிலயும் சாயம் ஒட்டலை." டாக்டர் கையுறையைக் கழற்றினாள். "ரெண்டு பேர் தேய்ச்ச வாய் மாதிரி இருக்கு. வீட்டுல ஆள் வெச்சிருக்கீங்களா?"

டாக்டருக்கு அது வேடிக்கை. உதவிப் பெண்ணும் சிரித்தாள்.

"ஆனா ஒண்ணு. உள்பக்கம், நாக்கு ஓரமா, கீறல் கீறலா இருக்கு. அங்க மட்டும் யாரையோ பழிவாங்கற மாதிரி தேய்க்கிறீங்க. யார் மேல கோவமோ அவங்ககிட்ட காட்டுங்க. ஈறு என்ன பண்ணும்."

திரும்பி வரும் வழியில் பேருந்தின் ஜன்னலோரம் உட்கார்ந்து, நாக்கின் நுனியால் வலது உள்ஈறைத் தடவிப் பார்த்தாள். கீறல்கள் ஒரே சீராக, பக்கத்தில் பக்கத்தில், ஒரே சாய்வில் இருந்தன. அவள் அந்தப் பக்கம் அப்படித் தேய்த்ததில்லை. அவளால் முடியாது. மணிக்கட்டு மடங்காது.

மறுநாள் காலை செல்போனில் குரல் பதிவை ஓடவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்து அலமாரியில் வைத்துவிட்டுப் படுத்தாள். கேட்பதுதான் அவள் தொழில். பேசுகிறவர் சொல்லாததை, பின்னால் ஓடும் தண்ணீரை, மூடும் கதவை, இன்னொரு ஆளின் மூச்சைக் கேட்டே வண்டி அனுப்புகிறவள்.

மாலையில் கால் மணி நேரம் முன்னதாகவே அலுவலகம் போய், ஆட்கள் தேநீர் குடிக்கிற சின்ன அறையில் உட்கார்ந்து, வேலைக்கு மாட்டும் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டாள். மின்விசிறி, அதன் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கிறீச், தூரத்தில் எங்கோ துளைபோடும் இயந்திரம், தெருவில் ரிவர்ஸ் எடுக்கிற வண்டியின் கூவல், இவற்றுக்கு அடியில் அவளுடைய சொந்த மூச்சு, வாய் திறந்து, லேசான குறட்டையோடு, நேரம் போவதே தெரியாமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு மணி நேரப் பதிவை அவள் ஓட்டி ஓட்டிக் கடந்தாள். பகல் பதினொன்று இருபது வந்த இடத்தில் நிறுத்தினாள்.

குழாய் திறக்கும் சத்தம்.

டம்ளரில் பிரஷ் தட்டும் சத்தம். குழாய் மூடியது. பிறகு காலடி கேட்கவேண்டும். அவள் ஒலியைக் கூட்டினாள். காலடி இல்லை.

மூச்சு மாறியது. வாயால் வந்துகொண்டிருந்த மூச்சு மூக்குக்குப் போனது. குறட்டை நின்றது. வாயில் ஏதோ வைத்தால்தான் தூங்குகிறவர் அப்படி மூச்சு விடுவார். பிறகு அந்தச் சத்தம். சர், சர், சர். மிகக் கிட்டத்தில். ஈரமாக.

அதோடு யாரோ முணுமுணுத்தார்கள். தீய்ந்த பாத்திரத்தைத் தேய்க்கிறவள் வாய்க்குள் யாரையோ வைதுகொண்டே தேய்ப்பாளே, அப்படி. சொற்கள் பிடிபடவில்லை.

பக்கத்து இருக்கையில் வேலை செய்பவள் தேநீரோடு உள்ளே வந்தாள். எல்லாரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இவள் ஹெட்போனைக் கழற்றி நீட்டினாள்.

"இந்தம்மா என்ன சொல்றாங்கன்னு கேட்டுச் சொல்லுங்கக்கா."

அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். இரண்டு முறை கேட்டாள்.

"எந்தம்மா?"

"அதான், திட்டறாங்களே."

"ஏய், அது நீதானே."

"இல்லக்கா."

"பதினோரு வருஷமா உன் பக்கத்துல உக்காந்திருக்கேன். இது போன்ல பேசற குரல் இல்ல. போனை வெச்சதுக்கு அப்புறம் அந்த ஆளைத் திட்டுவியே, அந்தக் குரல்." அக்கா ஹெட்போனைத் திருப்பிக் கொடுத்தாள். "வீட்டுல யாரை இப்படி வையற? பாவம் அந்த மனுஷன்."

காலையில் அதைக் கணவனிடம் போட்டுக் காட்டினாள். அவன் இறுகின முகத்தோடு கேட்டான். முடிந்ததும் பெருமூச்சு விட்டான். பிறகு சிரித்தே விட்டான்.

"நீதான்டி. தூக்கத்துல நீயே எழுந்து பல்லு விளக்கிக்கற. பயித்தியம் மாதிரி மூணு வாரமா அதே நினைப்பு. தூக்கத்துலயும் அதேதான் ஓடுது."

"நான் இடதுகைல தேய்க்கமாட்டேன்."

"தூக்கத்துல எந்தக் கைன்னு யாருக்குத் தெரியும்?" அவன் குரல் மாறியது. "ஒண்ணும் செய்யாத பையனை வெளிய அனுப்பின. அதைக் கொஞ்சம் நினைச்சுப் பாரு."

அவள் நினைத்துப் பார்த்தாள். காலடி கேட்காததை, மூச்சு மாறியதை, நடக்கிறவளின் மூச்சு அப்படி இருக்காது என்பதை அவனிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவன் சொல்வது உண்மையாக இருக்கட்டும் என்று ஆசையாக இருந்தது. தானே என்றால் தானே. தன் மேல் கோபப்படுவது சுலபம். அதில் எதிர்த்துப் பேச ஆளில்லை.

"சரி. என் கையைக் கட்டிட்டுப் போங்க."

"என்னது?"

"இன்னும் மூணு வாரம்தான் இருக்கு டாக்டர் சொன்ன கெடுவுக்கு. ஈறைக் கீறிக் கீறி நானே கெடுத்துக்கிட்டா அந்த நாலு பல்லும் போகும். நீங்களா பேசித் தருவீங்க என் வேலைல உக்காந்து?"

பயிற்சிக் காரிலிருந்து கழற்றின பழைய சீட் பெல்ட் இரண்டு அவன் அலமாரியில் கிடந்தன. இடது மணிக்கட்டைக் கட்டில் சட்டத்தோடு சேர்த்துச் சுற்றி கொக்கியை மாட்டினான். போதும் என்றான்.

"வலதையும்."

"ஒரு கையாவது..."

"அதாலதான் மத்ததை அவிழ்ப்பேன். அரைகுறையா எதையும் செய்யாதீங்க."

அவன் அதையும் கட்டினான். இழுத்துப் பார்த்தாள். அகலமான பட்டை, மணிக்கட்டை அறுக்கவில்லை, ஆனால் ஒரு விரற்கடைகூட நெகிழவில்லை. ஒன்றரைக்கு வந்து அவிழ்க்கிறேன் என்றான். போகும்போது அவள் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாசல் பூட்டு இரண்டு முறை திரும்பும் சத்தம் கேட்டது.

தூக்கம் வராது என்று நினைத்தாள். ராத்திரி முழுக்க விழித்திருந்த உடம்பு, வெயில் ஏறிய அறை, மின்விசிறியின் ஒரே சீரான கிறீச், கண்ணிமைக்கு வெளியே மஞ்சளாகக் கனக்கும் வெளிச்சம், எல்லாம் சேர்ந்து அவளைக் கிணற்றில் வாளி இறங்குவதுபோல இறக்கின.

புதினா வாசனையில் விழித்தாள்.

குளியலறைக் கதவு திறந்திருந்தது. கண்ணாடியின் ஓரம் கட்டிலிலிருந்து தெரியும். அதில் வெயில் பட்டுக் கூரையில் ஒரு வெள்ளைச் சதுரம் ஆடிக்கொண்டிருந்தது.

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் கைகளைப் பார்த்தாள். இரண்டும் இருந்த இடத்தில் இருந்தன. பட்டைகள் இறுக்கமாக. கொக்கிகள் மாட்டியபடி.

"யாரது?"

தண்ணீர் ஓடியது.

"தம்பி, நீயா? விளையாடாதே. உங்கண்ணன் இப்ப வந்துடுவாரு."

பிரஷ் டம்ளரில் தட்டியது.

"வெளிய போ. வெளிய போன்னு சொல்றேன்."

அவள் குரல் உயர்ந்தது. அறை முழுக்க அடித்து அவளிடமே திரும்பி வந்தது. இழுத்தாள். கட்டில் சட்டம் சுவரில் இடித்தது. மணிக்கட்டுத் தோல் உரிந்தது. பட்டை நெகிழவில்லை. வாசல் சாவி கணவனின் சட்டைப்பையில். அலமாரியில் செல்போன், ஒரு கை தூரம்.

குழாய் மூடியது.

காலடி இல்லை.

கூரையின் வெள்ளைச் சதுரம் மறைந்தது. பிறகு மீண்டும் வந்தது. ஏதோ ஒன்று கண்ணாடிக்கு முன்னால் கடந்து முடித்திருந்தது.

அவள் வாயை மூடினாள். பல்லோடு பல் அழுத்தி. ஆடிய பல் குடைந்தது. உதட்டை உள்ளே மடித்துக் கடித்தாள். கண்ணையும் மூடினாள். ஈரம் முதலில் கன்னத்தில் சொட்டியது. ஒரு சொட்டு. இன்னொன்று. குளிர்ந்த விரல் ஒன்று கீழுதட்டின் மேல் வந்து, அவசரமில்லாமல், பழகிய கை ஒன்று பழகிய பூட்டைத் திறப்பதுபோல அதைக் கீழே நெம்பியது.

கண்ணைத் திறந்தாள்.

முகத்துக்கு மேல் அவள் முகம். அதே நெற்றி. வகிடு மட்டும் மறுபக்கம். இடதுகையில் பிரஷ். புருவம் சுருங்கி, பொறுமை போன முகம். சோறு ஊட்டுகிறவர்கள் பிள்ளைக்குக் காட்டித்தர முதலில் தங்கள் வாயைத் திறப்பார்களே, அப்படி அது தன் வாயைத் திறந்தது.

உள்ளே பல் இல்லை. ஒன்றுகூட. ஈறு மட்டும். மேலும் கீழும் உப்பி, கறுத்து, பளபளத்து, வாய் நிறைய, உதடுவரை. அதில் ஒரு துளி அழுக்கில்லை.

பிரஷ் இறங்கியது.

"இன்னைக்காவது அசையாம ஆ காட்டு."